டிபன் கடை தொடங்குகிறீர்களா? வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு வீதியில் 14 ஆண்டுகளாகச் சைவ டிபன் கடை நடத்துகிறேன். 24 இருக்கைகள், 8 ஆட்கள். காலை 6 முதல் 11 வரை, மாலை 5 முதல் இரவு 10 வரை.

இதே வீதியில் என் கண்ணெதிரே ஒன்பது கடைகள் திறந்து மூடிவிட்டன. அவற்றை நடத்தியவர்களில் சோம்பேறி என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள், அவ்வளவுதான். பெயர்ப்பலகை, மர நாற்காலி, திறப்பு விழா எல்லாம் முடிந்த பிறகு மாஸ்டரைத் தேடினார்கள். மாஸ்டர் வந்த பிறகு கணக்குப் பார்த்தார்கள். அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யுங்கள்.

1. பணத்தை மூன்று பங்காகப் பிரியுங்கள்

முதல் பங்கு கட்டட முன்பணத்துக்கும் மராமத்துக்கும். இரண்டாவது பங்கு அடுப்பு, கிரைண்டர், பாத்திரங்கள், மேசை நாற்காலிக்கு. மூன்றாவது பங்கு, கடை திறந்த பிறகு ஆறு மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும். இந்த மூன்றாவது பங்கை வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

புதியவர்கள் முதல் இரண்டிலேயே கையிருப்பைத் தீர்த்துவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் மளிகைக் கடைக்குப் பாக்கி ஏறுகிறது. பாக்கி வைத்தவருக்கு நல்ல உளுந்து கிடைக்காது, மூட்டையில் கடைசியாக இருப்பதுதான் வரும். இட்லி கல்லாகிறது, வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். பணத்தட்டுப்பாடு கல்லாவில் தெரிவதற்கு முன்பே தட்டில் தெரிந்துவிடும்.

கிரைண்டரையும் பாத்திரங்களையும் பழையதாக வாங்கலாம். மூடிய கடைகளின் சாமான்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். தோசைக்கல்லை மட்டும் புதிதாக, கனமானதாக வாங்குங்கள். மெல்லிய கல்லில் மாவு ஊற்றியதும் சூடு இறங்கிவிடும். கூட்ட நேரத்தில் அது மீண்டும் ஏறும் வரை காத்திருக்க முடியாது.

2. நாள் விற்பனை எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள்

இடம் தேடும் முன்பே இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். என் கடை அளவுக்கு ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை மாதம் 25,000 ரூபாய் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 830. எட்டுப் பேர் சம்பளம் 6,300. மின்சாரம் 500. ஆட்களின் சாப்பாடு, பேட்டா, சோப்பு, பழுது, கடன் தவணை ஆகியவை சேர்ந்து 1,370. மொத்தம் 9,000.

ஒருவர்கூடச் சாப்பிட வராவிட்டாலும் இந்த 9,000 செலவாகும். மளிகை, காய்கறி, பால், எரிவாயு சேர்ந்து விற்பனையில் 40 சதவீதத்தைத் தின்னும் என்று வையுங்கள். மீதி 60 சதவீதத்தில் 9,000 வர வேண்டும். அப்படியானால் நாளுக்கு 15,000 ரூபாய் விற்க வேண்டும். ஒருவர் சராசரியாக 50 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 300 பேர்.

15,000 விற்றாலும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாது என்பதைக் கவனியுங்கள். 301-ஆவது ஆளிடமிருந்துதான் உங்கள் வருமானம் தொடங்குகிறது.

3. அந்த 300 பேர் எங்கே என்று எண்ணிப் பாருங்கள்

இடத்தைத் தரகரின் வாயால் பார்க்காதீர்கள். எதிரில் உள்ள டீக்கடையில் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். ஒரு வார நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை என மூன்று நாள். காலை 7 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும், அந்த வாசலைக் கடந்து நடப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். வண்டியில் விரைபவர்கள் கணக்கில் வேண்டாம், அவர்கள் நிற்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று இரவு ரோஸ்ட் கேட்பவர் வியாழக்கிழமை இரவு நான்கு இட்லியோடு எழுந்துவிடுவார். ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கும் சூடாக வேண்டும். ஞாயிறன்று வீதி வெறிச்சோடிவிடும். மூன்று நாள் உட்காராமல் இது எதுவும் தெரியாது.

4. கையெழுத்திடும் முன் அந்த இடத்தில் பருப்பு வேகவையுங்கள்

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்துக் குழாய்த் தண்ணீரில் கால் கிலோ துவரம் பருப்பை வேகவைத்துப் பாருங்கள், கூடவே ஒரு டீயும் போட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் பருப்பு எளிதில் மசியாது, டீ சுவை கெடும். பிறகு காலமெல்லாம் தண்ணீர் லாரிக்கோ சுத்திகரிப்புக் கருவிக்கோ பணம் கொட்ட வேண்டும். அந்தச் செலவு இரண்டாவது படியின் 9,000-இல் இல்லை.

கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். சோற்றுப்பருக்கையும் எண்ணெயும் கலந்த தண்ணீர் வீட்டுக் குழாயை ஒரே மாதத்தில் அடைத்துவிடும். எண்ணெய் தேங்கி நிற்க ஒரு தொட்டி கட்ட இடம் வேண்டும். புகைபோக்கி மாடிக்குப் போக வழி வேண்டும், மேல்வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். வணிக மின் இணைப்பு இருக்கிறதா, கிரைண்டரும் குளிர்பெட்டியும் சேர்ந்து ஓடினால் தாங்குமா என்று மின்பணியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதை எழுதி வாங்குங்கள். கடை ஓட ஆரம்பித்ததும் வாடகையும் ஓட ஆரம்பிக்கும்.

5. காகித வேலை

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் முதலில். விற்பனையின் அளவைப் பொறுத்து எது என்பது மாறும். அதன் 14 இலக்க எண்ணைக் கடையில் மாட்டி, பில்லிலும் அச்சிட வேண்டும். அடுப்படி ஆட்களுக்கு மருத்துவச் சான்று வாங்கிக் கோப்பில் வையுங்கள், ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார். மாநகராட்சி அல்லது நகராட்சியின் தொழில் உரிமம் தனி.

நாளுக்கு 15,000 வீதம் மாதம் 30 நாள் விற்றால் ஆண்டுக்கு 54 லட்சம் ரூபாய். 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சாதாரண உணவகத்துக்கு வரி 5 சதவீதம். ஆனால் நீங்கள் வாங்கும் சாமான்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே கிரைண்டர் வாங்கும்போதே வரியையும் விலையாக எண்ணிக்கொள்ளுங்கள்.

எரிவாயுவுக்கு 19 கிலோ வணிக உருளைதான். வீட்டு உபயோக 14.2 கிலோ உருளையைக் கடையில் வைப்பது சட்டவிரோதம்.

6. பட்டியலைச் சுருக்குங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் விலை போடுங்கள்

காலைக்கு இட்லி, வடை, பொங்கல், மூன்று வகைத் தோசை, டீ, காபி. மாலைக்கு இட்லி, தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி. முதல் ஆறு மாதம் இதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு புதிய உணவும் ஒரு தனிப் பாத்திரத்தையும் தனிச் சட்னியையும் அரை ஆள் வேலையையும் கேட்கும்.

தட்டுக் கணக்கை ஒரு முறை விரிவாகப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 315 ரூபாய் என்று வையுங்கள். அதில் எங்களுக்கு 12 கிலோ மாவு வருகிறது. 50 கிராம் வீதம் 240 இட்லி. ஓர் இட்லியின் மாவு ஒன்றரை ரூபாய்க்கும் கீழே.

இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் மயங்குகிறார்கள். பத்து ரூபாய்க்கு விற்றால் எட்டரை ரூபாய் லாபம் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். தட்டில் இட்லியைச் சுற்றி இருப்பதை எண்ண மறந்துவிடுகிறார்கள். இரண்டு இட்லி சாப்பிடுபவருக்குத் தேங்காய்ச் சட்னி இரண்டு முறை, காரச் சட்னி ஒரு முறை, சாம்பார் இரண்டு கரண்டி. என் கணக்கில் இது எட்டு ரூபாய்க்குக் குறைவதில்லை, தேங்காய் விலை ஏறிய மாதங்களில் பத்தையும் தாண்டியிருக்கிறது. அதாவது, விற்பது இட்லி என்றாலும் செலவு சட்னியில்தான்.

அதற்காகச் சட்னியை ஒரு முறையோடு நிறுத்தாதீர்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன கடைக்கு நம் ஊரில் யாரும் திரும்பி வர மாட்டார்கள். கரண்டியைச் சிறியதாக்குங்கள், கேட்கும்போதெல்லாம் ஊற்றுங்கள். பெரிய கரண்டியால் ஒரே முறை ஊற்றினால் பாதி தட்டில் மீந்து குப்பைக்குப் போகும்.

7. ஆட்கள்

எட்டுப் பேரை நான் இப்படிப் பிரித்திருக்கிறேன்: தோசை மாஸ்டர், இட்லி பொங்கல் வடை பார்க்கும் மாஸ்டர், டீ மாஸ்டர், சட்னிக்கும் காய் நறுக்கவும் ஓர் உதவியாள், இரண்டு சப்ளையர், மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவும் அக்கா. கல்லாவில் நான்.

மாஸ்டரைச் சமைக்கச் சொல்லிப் பார்த்த பிறகே சம்பளம் பேசுங்கள். தோசையைவிடச் சாம்பாரில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். சாம்பாரையும்விட, சமைத்து முடித்த பிறகு அவர் நின்ற இடம் எப்படி இருக்கிறது என்பதில். கல்லைத் துடைத்து, கரண்டியைக் கழுவி, மூடியை மூடிவிட்டு வந்தவரை நான் விட்டதில்லை.

முன்பணம் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். நான் முதல் ஆண்டில் ஒருவருக்கு 40,000 ரூபாய் கொடுத்தேன். பன்னிரண்டாவது நாள் அவருடைய தொலைபேசி அணைந்துவிட்டது.

அளவுகளை எடைபோட்டு எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்: இத்தனை லிட்டர் சாம்பாருக்கு இத்தனை பருப்பு, புளி, பொடி. மாஸ்டர்களுக்கு இது பிடிக்காது, கைப்பக்குவம் என்பார்கள். பொறுமையாகப் பேசி எழுதி வாங்குங்கள். கைப்பக்குவம் அவரோடு வேறு கடைக்குப் போய்விடும், வாடிக்கையாளர் கேட்பது நேற்று சாப்பிட்ட அதே சாம்பாரை.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது கை ஒன்று பழகியிருக்க வேண்டும். எங்கள் உதவியாள் தோசை ஊற்றுவார், சப்ளையர் ஒருவர் டீ போடுவார். முகூர்த்த நாட்களில் கல்யாணச் சமையலுக்கு ஒரு நாளில் கூடுதல் பணம் கிடைக்கும், மாஸ்டர் போகத்தான் செய்வார். நாட்காட்டியில் முகூர்த்தங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, ஒரு வாரத்துக்கு முன்பே பேசி முடிவு செய்கிறோம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். அந்த நாட்களில் கடையை மூடிவிடுவது நல்லது. அரைகுறை ஆட்களோடு திறந்து பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலைக் கூட்டம் ஓய்ந்ததும் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வாடிக்கையாளருக்கு ஊற்றிய அதே சாம்பாரை. உப்புக் கூடியிருந்தால் அங்கேயே சண்டை வந்துவிடும். அதைவிட நல்ல தரச் சோதனை எனக்குத் தெரியாது.

8. நாளைய காலை இன்று மதியம் தொடங்குகிறது

எங்கள் கடிகாரம் இது. மதியம் 12 மணிக்கு அரிசி ஊறும். 3 மணிக்கு உளுந்து. நாலரைக்கு உளுந்தை முதலில் அரைக்கிறோம், கோடையில் குளிர்ந்த தண்ணீர் தெளித்து. அரைக்கும்போதே மாவு சூடாகிவிட்டால் உளுந்து பொங்கி வராது. அடுத்து அரிசி, சற்றே கொரகொரப்பாக. ஏழு மணிக்குள் இரண்டையும் உப்போடு கையால் கலந்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி மூடி வைக்கிறோம். முக்கால் நிரப்பிய பாத்திரம் இரவில் பொங்கி, காலையில் தரையைக் கழுவும் வேலையைத்தான் கொடுக்கும்.

எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் மாவு எழும். மார்கழியில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அரைத்துவிடுவோம். சித்திரையில் தாமதமாக அரைப்போம், இல்லாவிட்டால் புளித்துவிடும்.

இரவு கடை மூடும் முன் காய்கறி எண்ணப்படுகிறது, தேங்காய் உடைத்துக் குளிர்பெட்டிக்குப் போகிறது, அடுப்பு துடைக்கப்படுகிறது, எரிவாயு உருளை எடைபோடப்படுகிறது. உருளை காலை ஏழரைக்குத் தீர்ந்த அனுபவம் ஒரே முறைதான், அதற்குப் பிறகு இந்த எடை பார்க்கும் பழக்கம்.

அதிகாலை நாலரைக்கு நான் திறக்கிறேன். பருப்பும் பாலும் இட்லிக் கொப்பரைத் தண்ணீரும் ஒரே நேரத்தில் அடுப்பேறும். வடைக்கு மாஸ்டர் முன்பே ஊறவைத்த உளுந்து ஐந்துக்கு அரைபடும். வடை மாவை இரவே அரைத்து வைத்தால் புளிக்கும், எண்ணெய் குடிக்கும். தேங்காய்ச் சட்னியை ஒரேயடியாக அரைப்பதில்லை. ஐந்தரைக்கு ஒன்று, ஏழேகாலுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. மொத்தமாக அரைத்த சட்னி வெயில் ஏற ஏறப் புளிப்பு வாடை அடிக்கும்.

9. மூன்று நாள் ஒத்திகை

பெயர்ப்பலகை மாட்டும் முன், அக்கம்பக்கத்தாரையும் உறவினரையும் அழைத்து மூன்று காலை நடத்துங்கள். இலவசமாக வேண்டாம், பாதி விலை வாங்குங்கள். காசு கொடுத்தவர்தான் குறை சொல்வார்.

என் கடையில் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே திறப்பு விழா வைத்தேன். காலை 8.05-க்குச் சாம்பார் வாளி காலி. சப்ளையர் வாளியோடு அடுப்படிக்குப் போனார். அண்டாவின் மூடி சூடாக இருந்தது, துணி தேடினார். அதற்குள் பதினோரு பேர் வெறும் இட்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் எழுந்து போனார்கள். அவர்கள் எட்டரைக்குக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு வாளி சுற்றில் இருந்தால் மூன்றாவது வாளி அடுப்படி வாசலில் நிரம்பி நிற்க வேண்டும். பாதி குறைந்ததும் மாற்றிக்கொள்வார்கள், நிரப்புவது உதவியாளின் வேலை. இவ்வளவு சிறிய விஷயத்தை நான் மூன்று வாடிக்கையாளர்களை இழந்து கற்றேன்.

10. ஏழரை முதல் எட்டரை வரை

இந்த ஒரு மணி நேரத்தில் யாரும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. சப்ளையர் மேசை துடைக்கக் கூடாது, மாஸ்டர் பார்சல் கட்டக் கூடாது, நான் கல்லாவை விட்டு எழக் கூடாது. உதவி செய்கிறேன் என்று ஒருவர் அடுத்தவர் வேலைக்குப் போனால் அவர் விட்ட இடம் ஓட்டையாகிவிடும்.

இட்லியை ஆள் பார்த்து வைக்காதீர்கள், கடிகாரம் பார்த்து வையுங்கள். ஓர் ஈட்டுக்கு 48, வேக 12 நிமிடம். இரண்டு கொப்பரைகளையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் 96 இட்லி ஒன்றாக வந்து, கடைசியில் உள்ளவை ஆறிவிடும். ஆறு நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றி ஏற்றினால் எப்போதும் ஆவி பறக்கும் தட்டு ஒன்று இருக்கும்.

தோசைக்கு, வாடிக்கையாளர் கை கழுவப் போகும்போதே சப்ளையர் கேட்டுவிட வேண்டும். "இரண்டு ரோஸ்ட், ஒரு சாதாத் தோசை" என்று மாஸ்டருக்குக் கேட்கும்படி சொல்ல, மாஸ்டர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத ஆர்டர் கல்லுக்குப் போகவில்லை என்று பொருள். பல கடைகளில் நடக்கும் சத்தமும் சண்டையும் இந்த ஒரு பதில் இல்லாததால்தான்.

தவறு நேர்ந்தால் அப்போதே திட்டாதீர்கள். தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, பதினொன்றுக்குப் பேசுங்கள். ஏழே முக்காலுக்குத் திட்டு வாங்கிய மாஸ்டரின் தோசை எட்டரை வரை கருகும்.

11. பார்சல்

தனி மேசை, தனி வரிசை. சாப்பிட உட்கார்ந்தவரின் தோசையும் பார்சல் தோசையும் ஒரே கல்லுக்குப் போட்டியிட்டால் இருவருமே கோபிப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். பாத்திரம் கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள், பழகிவிடுவார்கள்.

செயலி வழி விற்பனையை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். தரகுப் பணம் போக என்ன மிஞ்சும் என்று ஆறாவது படியின் கணக்கைப் போட்ட பிறகு சேருங்கள்.

12. இரவுக் கணக்கு

நான்கு வரி போதும்: விற்றது, வாங்கியது, மீந்தது, திரும்பி வந்தது. மீந்ததை எண்ணிக்கையில் எழுதுங்கள், "கொஞ்சம்" என்று எழுதாதீர்கள். தொடர்ந்து மூன்று செவ்வாய்க்கிழமை பொங்கல் இரண்டு கிலோ மீந்தால் நான்காவது செவ்வாய் குறைத்துப் போடலாம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் பெருகும்போது எவ்வளவு கூட்டுவது என்பதையும் சென்ற ஆண்டு நோட்டுதான் சொல்லும்.

காலையில் மீந்த இட்லி மாலை உப்புமாவாகலாம். மீந்த சாம்பார் கீழே போக வேண்டும், நாளைக்கு வராது. வடை எண்ணெய் கருத்து நுரைத்தால் தனி டின்னில் ஊற்றி, பழைய எண்ணெய் வாங்கும் பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள்.

கல்லாப்பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு சம்பளம் எழுதி, மாதத்தில் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கியூஆர் பணம் வங்கிக்குப் போய்விடுவதால் பெட்டி இளைத்தே தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே அன்றைய வியாபாரத்தைப் பற்றி வருத்தமோ மகிழ்ச்சியோ படுங்கள்.

13. நான்காவது மாதத்தில் ஒரு நாள் வராதீர்கள்

முகூர்த்தம் இல்லாத ஒரு புதன்கிழமை. கல்லாவில் வீட்டில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆட்கள் பழகியிருக்கிறார்களா, உங்கள் கையை நம்பி நிற்கிறார்களா என்பது அன்று தெரிந்துவிடும்.

நான் அப்படி முதல் முறை வீட்டில் இருந்த அன்று ஒரே ஓர் அழைப்புதான் வந்தது, காலை 5.10-க்கு. மளிகை அறையின் சாவி எங்கே என்று கேட்டார்கள். அது என் சட்டைப்பையில் இருந்தது. மறுநாள் இரண்டாவது சாவி ஒன்று செய்து இட்லி மாஸ்டரிடம் கொடுத்தேன்.